சர்க்கார் சம்பளம்: பொறாமைப்படவா, போராடிப் பெறவா?

ஆலை வாசலிலும், டீக்கடையிலும், களத்துமேட்டிலும் ஒரு பேச்சு நெடுநாளாக நடமாடி வருகிறது. "சர்க்கார் உத்தியோகஸ்தனைப் பார்! பத்து மணிக்கு வருகிறான், ஐந்தே முக்காலுக்குப் போகிறான். மாதம் பிறந்தால் சம்பளம், ஆறு மாதத்திற்கு ஒரு முறை பஞ்சப்படி, வயதானால் பென்ஷன். உன் வரிப்பணம் முழுவதையும் அவன்தான் தின்று தீர்க்கிறான். உனக்குக் கொடுக்கக் கஜானாவில் என்ன மிச்சம் இருக்கிறது?"

இந்தப் பேச்சை ஒரு தொழிலாளி பேசினால் அது வயிற்றெரிச்சலில் பிறந்த பேச்சு. அதில் நியாயம் உண்டு. அதை நாம் கேலி செய்ய மாட்டோம். ஆனால் இதையே மில் முதலாளி பேசுகிறார். பெரிய நிலச்சொந்தக்காரர் பேசுகிறார். முதலாளிகளின் பத்திரிகைகள் தலையங்கம் எழுதுகின்றன. நம்முடைய வயிறு காய்வதைப் பற்றி இவர்களுக்கு எப்போதிருந்து இத்தனை கவலை வந்தது? கூலி உயர்வு கேட்டபோது கதவடைப்புச் செய்தவர்கள், அறுப்புக் கூலி கேட்டபோது வெளியூர் ஆளையும் இயந்திரத்தையும் இறக்கியவர்கள், இப்போது நமக்காகக் கண்ணீர் வடிக்கிறார்கள். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான் இது!

ஆகவே தராசை நாமே கையில் எடுப்போம். சர்க்கார் வேலையில் உண்மையில் என்ன கிடைக்கிறது, என்ன கிடைக்கவில்லை, கிடைப்பது எங்கிருந்து வந்தது என்று நிறுத்துப் பார்ப்போம்.

கணக்கை மறைக்க வேண்டியதில்லை

தமிழ்நாட்டு சர்க்காரின் சம்பள அட்டவணையில் முதல் படியில் இருப்பவர் அலுவலக உதவியாளர். 2017-இல் வந்த சம்பளத் திருத்தத்தின்படி அவருடைய ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 15,700 ரூபாய். 2025 ஜூலை 1 முதல் பஞ்சப்படி 58 சதவிகிதம் ஆயிற்று. அதாவது 9,106 ரூபாய். இரண்டும் சேர்ந்து 24,806 ரூபாய். வீட்டு வாடகைப்படி தனி. ஆண்டுக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு. அதற்கு மேல் ஈட்டிய விடுப்பு, மருத்துவ விடுப்பு. பெண் ஊழியருக்கு 2021 முதல் பேறுகால விடுப்பு 12 மாதம், சம்பளத்துடன். விசாரணை இன்றி வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 311-ஆவது பிரிவு காவல் நிற்கிறது.

இப்போது நம் பக்கத்துத் தட்டைப் பார்ப்போம்.

நூற்பாலைத் தொழிலாளி பிராவிடண்ட் பண்டில் பணம் கட்டி ஓய்வு பெறுகிறார். 1995-ஆம் ஆண்டின் பென்ஷன் திட்டத்தில் அவருக்குக் கணக்குப் போடும் விதம் இது: பென்ஷனுக்குரிய சம்பளத்தை வேலை செய்த ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். 2014 செப்டம்பரில் அந்தச் சம்பளத்திற்கு 15,000 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தார்கள். அந்த உச்சவரம்பு வரை சம்பளம் கணக்கில் ஏறி, 30 ஆண்டு இயந்திரத்தோடு மல்லுக்கட்டிப் பஞ்சுத் தூசியைச் சுவாசித்தவருக்குக் கிடைப்பது மாதம் ஏழாயிரம் ரூபாய்க்கும் குறைவுதான். விலைவாசி எத்தனை ஏறினாலும் இதற்குப் பஞ்சப்படி கிடையாது. சம்பளம் குறைந்தவர்கள், இடையில் வேலை போனவர்கள், பதிலியாகவே காலம் தள்ளியவர்கள் நிலை இன்னும் மோசம். அவர்களுக்கென்று அதே 2014-இல் குறைந்தபட்ச பென்ஷன் 1,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். 2025 முடியும் வரை அந்த ஆயிரத்தில் ஒரு காசு ஏறவில்லை.

விவசாயத் தொழிலாளியின் கதை என்ன? நடவும் களையும் அறுப்பும் இருந்தால் கூலி. மழை பொய்த்தாலும் பட்டினி, மழை மிஞ்சினாலும் பட்டினி. 2025-26-இல் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் நிர்ணயித்த நாட்கூலி 336 ரூபாய். நூறு நாளும் முழுசாக வேலை கொடுத்தாலும் ஆண்டுக்கு 33,600. மாதத்திற்குப் பிரித்தால் 2,800 ரூபாய். வயதான பிறகு முதியோர் உதவித்தொகை. அதை 2023-இல் 1,200 ரூபாயாக்கினார்கள். நாற்று நடும் பெண்ணுக்குப் பேறுகால விடுப்பு என்று ஒரு சொல்லே இல்லை. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி என்று 18,000 ரூபாய் கணக்கு உண்டு. அதிலும் ஒரு பகுதி ஊட்டச்சத்துப் பெட்டகமாக வரும். அவ்வளவுதான்.

ஆம், வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்தான். இல்லை என்று சொல்கிறவன் பொய்யன். ஆனால் இந்தப் பள்ளத்தைப் பார்த்தவுடன் என்ன கேட்க வேண்டும்? "அவனுக்கு ஏன் இத்தனை?" என்று கேட்பதா? "நமக்கு ஏன் இத்தனை குறைவு?" என்று கேட்பதா? முதல் கேள்வி முதலாளி நம் வாயில் ஊட்டிய கேள்வி. இரண்டாவதுதான் நம்முடைய சொந்தக் கேள்வி.

யார் கொடுத்த கொடை?

சர்க்கார் ஊழியருக்குக் கிடைப்பதெல்லாம் எந்த மந்திரியும் மனமிரங்கிப் போட்ட பிச்சை அல்ல. அதன் வேர் எங்கே இருக்கிறது தெரியுமா? நம்முடைய ஆலைத் தொழிலாளர் இயக்கத்தில் இருக்கிறது.

1957 ஜூலையில் 15-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு கூடியது. தொழிலாளர் பிரதிநிதிகள், முதலாளிகள், சர்க்கார் மூன்று தரப்பும் உட்கார்ந்து, குறைந்தபட்சக் கூலி என்றால் என்ன என்று முடிவு கட்டின. ஒரு தொழிலாளி சம்பாதித்தால் மூன்று பங்கு வயிறு நிறைய வேண்டும், ஆளுக்கு நாளொன்றுக்கு 2,700 கலோரி உணவு, குடும்பத்திற்கு ஆண்டுக்கு 72 கஜம் துணி, வீட்டு வாடகை, விறகு விளக்கு வகையறாவுக்கு மொத்தத்தில் 20 சதவிகிதம். இதுதான் மனிதன் மனிதனாக வாழ வேண்டிய அளவு என்று ஒப்புக்கொண்டார்கள்.

ஒப்புக்கொண்டதோடு சரி, கொடுக்கவில்லை. அதைக் கேட்டுத்தான் மத்திய சர்க்கார் ஊழியர்கள் 1968 செப்டம்பர் 19 அன்று ஒரு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவசரச் சட்டம் பாய்ந்தது. ஆயிரக்கணக்கானோர் சிறை சென்றார்கள், வேலை இழந்தார்கள். அந்தத் தியாகம் வீணாகப் போகவில்லை. ஏழாவது சம்பளக் கமிஷன் மத்திய சர்க்காரின் குறைந்தபட்சச் சம்பளம் 18,000 ரூபாய் என்று கணக்கிட்டபோது, கையில் எடுத்துக்கொண்டது அந்த 1957-ஆம் ஆண்டு அளவுகோலைத்தான். அதை ஒட்டித்தான் தமிழ்நாட்டுச் சம்பளத் திருத்தமும் வந்தது.

தொழிலாளி செய்த அளவுகோல்! அதைக் கொண்டு சர்க்கார் குமாஸ்தாவின் சம்பளத்தை அளந்தார்கள். அளவுகோலைச் செய்த தொழிலாளியின் கூலியை மட்டும் இன்னும் அளக்கவில்லை. இதில் கோபம் வர வேண்டியது யார் மேல்? அளந்து வாங்கிய குமாஸ்தா மேலா? அளக்க மறுக்கிற முதலாளி மேலா?

பென்ஷனும் அப்படித்தான். 1982 டிசம்பர் 17 அன்று நகாரா வழக்கில் சுப்ரீம் கோர்ட் அடித்துச் சொன்னது: பென்ஷன் என்பது எஜமானின் கருணையும் அல்ல, கொடையும் அல்ல, ஏற்கெனவே செய்து முடித்த வேலைக்கு உரிய பாக்கி. இந்த நியாயம் கோப்பு எழுதுகிற கைக்கு மட்டும்தானா? நூல் நூற்ற கைக்கு இல்லையா? நாற்று நட்ட கைக்கு இல்லையா? வேலை வேலைதான் என்றால், பாக்கியும் பாக்கிதான்.

போராடிய இடத்தில் நாம் பின்தங்கவில்லை என்பதற்கும் ஒரு சாட்சி உண்டு. 1965-இல் தொழிலாளி வர்க்கம் போனஸைச் சட்டமாக்கியது. குறைந்தபட்சம் 8.33 சதவிகிதம். 2015 திருத்தத்தின் 7,000 ரூபாய் கணக்கை வைத்துப் பார்த்தாலும் ஆண்டுக்குச் சுமார் 7,000 ரூபாய். சர்க்கார் ஊழியரில் 'சி', 'டி' பிரிவினருக்கு 2025 பொங்கலில் கொடுத்த போனஸ் அதிகபட்சம் 3,000 ரூபாய்! ஆகவே சர்க்கார் வேலை என்றால் எல்லாவற்றிலும் மேல் என்பதும் மயக்கம். எங்கே சங்கம் வலுவாக நின்றதோ அங்கே உரிமை வந்தது. எங்கே நிற்கவில்லையோ அங்கே வரவில்லை. இதுதான் கணக்கின் சூட்சுமம்.

சர்க்கார் ஊழியர் எல்லோரும் ஒரே படியிலா?

"சர்க்கார் உத்தியோகஸ்தன்" என்று ஒரே சொல்லில் கோட்டையிலே இருக்கிற செயலாளரையும், பள்ளிக்கூடத்துச் சமையல் கொட்டகையில் புகையில் நிற்கிற பெண்ணையும் ஒரே மூட்டையில் கட்டுகிறார்களே, அந்தப் பித்தலாட்டத்தை அவிழ்த்துப் பார்ப்போம்.

2024 டிசம்பரில் சத்துணவு மையங்களுக்கு 8,997 சமையல் உதவியாளர்களை எடுக்க உத்தரவு வந்தது. சம்பளம் என்ன? முதல் 12 மாதம் தொகுப்பூதியம் 3,000 ரூபாய். நாளொன்றுக்கு 100 ரூபாய்! அரை நாள் வேலைதானே என்பார்கள். காலையில் வந்து அடுப்பு மூட்டி, அரிசி களைந்து, காய் நறுக்கி, நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குப் போட்டுப் பாத்திரம் கழுவி வெளியே வருகிறபோது, அன்றைய கூலி வேலை எல்லாம் முடிந்து போயிருக்கும். மிச்ச அரை நாளை யார் விலைக்கு வாங்கப் போகிறார்கள்? இப்படி ஆயுள் முழுவதும் உழைத்து ஓய்வு பெற்ற சத்துணவு, அங்கன்வாடி ஊழியருக்கு 2025-ஆம் ஆண்டிலும் சிறப்பு பென்ஷன் மாதம் 2,000 ரூபாய்தான்.

2003-இல் சில்லறை மதுக்கடைகளை சர்க்கார் தானே எடுத்து நடத்தத் தொடங்கியது. கஜானாவுக்குக் கோடி கோடியாகக் கொட்டுகிற அந்தக் கடைகளில் நிற்கிற ஊழியர்களைத் தொகுப்பூதியத்தில்தான் எடுத்தார்கள். 2015 முதல் தேர்வு எழுதி வந்த செவிலியரை 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் ஆஸ்பத்திரிகளில் நிறுத்தினார்கள். இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்ற வாக்குறுதி பலருக்குக் காற்றோடு போயிற்று.

சென்னை மாநகராட்சியைப் பாருங்கள். 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களில் குப்பை அள்ளும் வேலையைத் தனியார் கம்பெனிக்குக் கொடுத்தார்கள். சுமார் 23,000 ரூபாய் வாங்கி வந்தவர்களுக்குக் கம்பெனியில் சுமார் 17,000 ரூபாய்தான் என்ற நிலை. தொழிலாளர்கள், அவர்களில் பெரும்பாலோர் பெண்கள், ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்தார்கள். ஆகஸ்ட் 13 நள்ளிரவில் போலீஸ் அவர்களைத் தூக்கி வண்டியில் ஏற்றியது.

ஆலை முதலாளி பதிலியையும் காண்ட்ராக்ட் ஆளையும் வைக்கிறான். கேம்ப் கூலி என்று கிராமத்துப் பெண்களை விடுதியில் பூட்டி வேலை வாங்குகிறான். அவனுக்குச் சட்டத்தைக் காட்ட வேண்டிய சர்க்காரே தன் சொந்த வீட்டில் அதே வழியில் நடந்தால், அவன் யாருக்குப் பயப்படுவான்? சர்க்கார்தான் இந்த ராஜ்யத்தின் மிகப் பெரிய வேலைகொடுப்போர். அது கொடுக்கிற கூலி, ஊர் முழுவதற்கும் ஒரு படிக்கல். அந்தக் கல் உயர்ந்தால் நாம் ஏறலாம். அதைப் பிடுங்கினால் எல்லோரும் பள்ளத்தில்.

2003 கற்றுக் கொடுத்த பாடம்

பிடுங்கினால் நமக்கு லாபமா என்ற கேள்விக்குச் சரித்திரமே பதில் சொல்லிவிட்டது.

2003-இல் சர்க்கார் தன் ஊழியர்களின் சலுகைகளை வெட்டியது. ஜூலையில் அரசு ஊழியரும் ஆசிரியரும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அத்தியாவசியப் பணிகள் சட்டத்தைக் காட்டி ஏறத்தாழ 1,70,000 பேரை ஒரே வீச்சில் வேலைநீக்கம் செய்தார்கள். விசாரணை ஏது? 311-ஆவது பிரிவு எங்கே போயிற்று? பின்பு சுப்ரீம் கோர்ட் தலையிட்டுப் பெரும்பாலோரை வேலையில் சேர்க்கச் செய்தது. ஆனால் மன்னிப்பு எழுதிக் கொடுக்க வேண்டும் என்றது. ஆகஸ்ட் 6 அன்று கொடுத்த தீர்ப்பில், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்யச் சட்ட உரிமையும் இல்லை, தார்மிக உரிமையும் இல்லை என்று எழுதியது.

அந்த ஆண்டு ஏப்ரல் 1-க்குப் பின் சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷன் இல்லை என்றும் ஆக்கினார்கள். மத்திய சர்க்கார் 2004 ஜனவரியில் செய்ததை இங்கே ஒன்பது மாதம் முந்தியே கணக்கு வைத்துச் செய்தார்கள். சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் 10 சதவிகிதம் பிடித்தம். ஓய்வு பெறும்போது மொத்தமாக ஒரு தொகை. மாதாமாதம் பென்ஷன் என்று எதுவும் இல்லை.

நாம் கேட்கிறோம்: சர்க்கார் ஊழியரின் பென்ஷனை வெட்டிய பணம் நம் வீட்டுக்கு வந்ததா? ஆலைத் தொழிலாளியின் ஆயிரம் ரூபாய் பென்ஷன் ஏறியதா? விவசாயத் தொழிலாளியின் கூரை ஓடாயிற்றா? ஒன்றும் நடக்கவில்லை. நடந்தது வேறு. பாதுகாப்பான வேலை என்ற எண்ணத்தையே ஊரை விட்டு விரட்ட அது முதல் படியாயிற்று. "சர்க்காரே கொடுக்கவில்லை, நான் ஏன் கொடுக்க வேண்டும்?" என்று முதலாளிக்கு ஒரு வாய் கிடைத்தது.

2003-இல் அவர்களுடைய வேலைநிறுத்த உரிமையின் மேல் கை வைத்தார்கள். 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு, எல்லா ஆலைகளிலும் 14 நாள் முன்னறிவிப்பு இன்றி வேலைநிறுத்தம் செய்வதைச் சட்டவிரோதம் ஆக்கிவிட்டது. 300 பேருக்கும் குறைவாக வேலை செய்யும் ஆலைகளில் சர்க்காரைக் கேட்காமலே ஆட்குறைப்புச் செய்யலாம் என்றும் எழுதிவிட்டார்கள். பக்கத்து வீட்டில் பிடித்த நெருப்பு நம் கூரைக்கு வர 22 ஆண்டு பிடித்தது. ஆனால் வந்துவிட்டது!

அவர்களும் சும்மா இருக்கவில்லை. 2019 ஜனவரியிலும் வேலைநிறுத்தம் செய்தார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் விடாமல் நின்றார்கள். அதன் பலனாக 2026 ஜனவரி 3 அன்று, கடைசிச் சம்பளத்தில் பாதியை உறுதி செய்யும் பென்ஷன் திட்டத்தை மாநில சர்க்கார் அறிவிக்க வேண்டியதாயிற்று. பத்து சதவிகிதப் பிடித்தத்தை விட மனமில்லாமல்தான் அறிவித்தார்கள். இருந்தாலும், பறித்ததைத் திரும்பக் கேட்டு வாங்கலாம் என்பதற்கு இது அத்தாட்சி.

கஜானா காலி என்ற பல்லவி

"எல்லோருக்கும் கொடுக்கப் பணம் ஏது?" என்பார்கள். கஜானாவில் போடுகிறவன் யார்? சோப்பு வாங்கும்போதும் செருப்பு வாங்கும்போதும் வரி கட்டுகிற விவசாயத் தொழிலாளி போடுகிறார். 2019 செப்டம்பரில் மத்திய சர்க்கார் பெரிய கம்பெனிகளின் வருமான வரியை 30 சதவிகிதத்திலிருந்து 22 சதவிகிதமாக ஒரே நாளில் இறக்கியது. புதிய ஆலை வைப்பவருக்கு 15 சதவிகிதம். அந்த வரியில் மாநிலங்களுக்கும் பங்கு உண்டு. ஆகவே தமிழ்நாட்டுக் கஜானாவிலும் அது துளை போட்டது. அப்போது ஏன் எந்த முதலாளிப் பத்திரிகையும் "ஐயோ, கஜானா காலியாகிறதே" என்று எழுதவில்லை?

இன்னொன்றும் யோசியுங்கள். சம்பளத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று காலியிடத்தை நிரப்பாமல் விட்டால், நட்டப்படுவது யார்? பணக்காரன் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போவான். தன் பிள்ளையைக் கான்வென்டில் சேர்ப்பான். நர்ஸ் இல்லாத ஆரம்ப சுகாதார நிலையத்தில் காத்துக் கிடப்பது நம் மனைவி மக்கள். வாத்தியார் இல்லாத பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருப்பது நம் பிள்ளை. நம் பிள்ளை படித்துப் பரீட்சை எழுதிப் போகக்கூடிய வேலையும் அந்தக் காலியிடம்தான்.

சர்க்கார் ஊழியத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை

நாம் நேர்மையாகப் பேச வேண்டும். தொழிலாளியின் கோபத்திற்கு உங்களில் சிலரும் காரணம். சாதிச் சான்றிதழுக்கும் பட்டாவுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் கூலியை விட்டுவிட்டு வருகிற கிழவியை, "நாளைக்கு வா" என்று நாலு முறை நடக்க வைக்கிறீர்கள். நின்றுகொண்டே பேச வைக்கிறீர்கள். கையூட்டு இல்லாமல் கோப்பு நகராத மேஜைகள் எத்தனை! அந்தக் கிழவிக்கு உங்கள் பஞ்சப்படிப் போராட்டத்தில் என்ன அக்கறை இருக்கும்?

பக்கத்து அறையில் தொகுப்பூதியத்தில் அதே வேலையைச் செய்கிறவரை உங்கள் சங்கத்தில் சேர்த்தீர்களா? ஆபீசைக் கூட்டுகிற காண்ட்ராக்ட் பெண்ணுக்காகக் கொடி பிடித்தீர்களா? ஆலையில் கதவடைப்பு வந்தபோது வாசலுக்கு வந்தீர்களா? வாருங்கள். மேஜைக்கு முன்னால் நிற்பவரும் உழைப்பவரே என்று நடந்துகொள்ளுங்கள். உங்கள் உரிமைக்கு மக்களே அரண். அந்த அரணைக் கட்ட வேண்டியது நீங்கள்.

நம் கோரிக்கை

ஆகவே தோழர்களே, தராசு சொல்லும் தீர்ப்பு தெளிவானது. சர்க்கார் ஊழியரின் தட்டில் இருப்பது ஆடம்பரம் அல்ல. உழைக்கும் மனிதன் ஒவ்வொருவனுக்கும் குறைந்தபட்சமாக இருக்க வேண்டியது. அந்தத் தட்டிலிருந்து எடுக்கச் சொல்ல மாட்டோம். நம் தட்டில் வைக்கச் சொல்வோம்.

1957-ஆம் ஆண்டு அளவுகோலை இன்றைய விலைவாசியில் வைத்து, ஆலைக்கும் வயலுக்கும் குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்க வேண்டும். ஆயிரம் ரூபாய் பென்ஷன் என்ற அவமானம் ஒழிய வேண்டும். ஆலைத் தொழிலாளிக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் பஞ்சப்படியோடு கூடிய பென்ஷன் வேண்டும். தொகுப்பூதியம், காண்ட்ராக்ட் என்ற பெயரில் சர்க்காரே நடத்தும் கூலிக் கொள்ளை நிற்க வேண்டும். காலியிடங்களை நிரந்தர வேலையாக நிரப்ப வேண்டும்.

அடுத்த முறை டீக்கடையில் யாராவது "சர்க்கார் உத்தியோகஸ்தனைப் பார்!" என்று தொடங்கினால், நாம் சொல்ல வேண்டிய பதில் இதுதான்: "பார்த்தோம். அவன் சங்கம் சேர்ந்து வாங்கினான். நாங்களும் வாங்கப் போகிறோம். நீ யார் பக்கம்?"